பூட்டிய கதவும் விழித்த தெருவும்

அம்மருட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் உறவுகளே,

ஊரடங்கு என்றால் இருட்ட முன்னரே கதவைப் பூட்டி, விளக்கைக் குறைத்துப் பழகியவர்கள் நாங்கள். இங்கே ஊரடங்கு கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு கீழே சத்தம் கேட்டால், "எங்களுக்கேன் வீண் வம்பு" என்று யன்னல் திரையை இழுத்துவிடத்தான் மனம் சொல்லும். கீழே நிற்பவர்கள் யார்? எங்கள் பிள்ளைகளும் அவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளும்தான்.

நோர்வேஜியர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து ஒஸ்லோவில் 'நத்தராவ்ன்', அதாவது இரவுக் காகம், என்ற பெயரில் பெற்றோரும் அயலவரும் வார இறுதி இரவுகளில் தெருவில் நடந்து வருகிறார்கள். மஞ்சள் மேலங்கி போட்டு, சிறு குழுவாகப் போவார்கள். அன்று ஒருவரும் குடிக்கக் கூடாது.

ஊரில் கள்ளர் பயம் வந்தால் பொல்லும் ரோச்லைற்றுமாகக் காவல் போவோம். இது அப்படியல்ல. இவர்கள் ஒருவரையும் பிடிப்பதில்லை, சோதிப்பதில்லை, அடிதடிக்குள் இறங்குவதில்லை. பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றால் கை ஓங்குகிறவனும் ஒருமுறை யோசிப்பான். குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடக்கும் பிள்ளையை ஒருவர் கண்டால் அதன் உயிர் தப்பும்.

கைமீறினால் பொலிசுக்கு 112, அம்புலன்சுக்கு 113. அவசரமில்லாத விடயத்துக்குப் பொலிசின் 02800. சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் பழகிய எம்மவர்க்கு இந்த இலக்கங்களை அழுத்தக் கை கூசும். கூச வேண்டாம். உதவி கேட்பது இங்கே குற்றமல்ல.

2001 ஜனவரி 26 இரவு, ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் 15 வயதுப் பெஞ்சமின் ஹெர்மான்சன் தோல் நிறத்துக்காக நாசிக் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டான். பெப்ரவரி 1ஆம் திகதி ஏறக்குறைய 40,000 பேர் நகரத்தில் ஊர்வலம் போனார்கள். ஒரு பிள்ளை போனபின் நடப்பதற்கு அத்தனை பேர் வந்தார்கள். பிள்ளை போகமுன் நடப்பதற்கு ஒரு தெருவுக்கு நாலைந்து பேர் போதும்.

"எங்களுக்குப் பாஷை தெரியாதே" என்கிறீர்களா? 'ஹை' என்று சொல்லத் தெரிந்தால் போதும். கூட நடப்பவரோடு பேசப் பேசப் பாஷையும் வரும். "சிப்ற் வேலை, நேரமில்லை" என்கிறீர்களா? தொழிற்சாலையில் நின்று கால் கடுக்கிறவர்கள்தான் நாங்களும். கேட்பது மாதத்தில் ஓர் இரவு, இரண்டு மூன்று மணித்தியாலம். ரி-பானே நிலையத்தடி, கடையடி, பாடசாலை வளவு, மாடிக் கட்டிடங்களின் இடைவெளி என்று ஒரு சுற்று. பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடக்காது. அதுதான் கிடைக்கும் பலன்.

பாடசாலையின் பெற்றோர் குழுவில் கேளுங்கள். பல இடங்களில் அவர்கள்தான் இதை ஒழுங்கு செய்கிறார்கள். உங்கள் கட்டிடத்தின் வீட்டுச் சங்கம் 'டூக்நாட்' என்று அறிவித்தல் ஒட்டினால், அது எங்கள் ஊர்ச் சிரமதானம்தான். தும்புத்தடியோடு இறங்குங்கள். பக்கத்துக் கதவுக்காரரின் பெயர் அன்றைக்குத் தெரியவரும். பெயர் தெரிந்த அயலவன் எங்கள் பிள்ளைக்கு ஒன்றென்றால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். நாங்களும் அவன் பிள்ளையை அப்படியே பார்ப்போம்.

வரும் வெள்ளி கதவைத் திறந்து கீழே வாருங்கள்.