ஐந்து வயதில் ஹம்பி

பள்ளியில் விஜயநகரப் பேரரசைப் படித்த பிறகு பிள்ளைகளை அதன் தலைநகராக இருந்த ஹம்பிக்குக் கூட்டிப் போகலாம், இப்போது போனால் வெறும் கல்லாகத்தான் தெரியும் என்று பல பெற்றோர் தள்ளிப் போடுகிறார்கள். நான்கிலிருந்து எட்டு வயது வரை கடற்கரை, பூங்கா, விலங்குக் காட்சிசாலை. இடிபாடுகளுக்கு உயர்நிலைப் பள்ளி வயது. இந்த வரிசை தவறு என்பதே என் வாதம். அரசர்களின் பெயரும் ஆண்டும் தெரியாத வயதில்தான் ஹம்பி முழுசாகத் திறந்துகொள்கிறது. நன்றாக நிற்கும் கட்டடம் தன் வேலைப்பாட்டை மூடி மறைக்கும்: சுதைக்கு மேல் வண்ணம், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. இடிந்த கட்டடத்தில் அந்த மறைப்பு இல்லை. ஹம்பியில் பல கோபுரங்களின் கீழ்ப்பகுதி கருங்கல், மேல்பகுதி செங்கல்லும் சுண்ணாம்பும். சுதை உதிர்ந்த இடத்தில் செங்கல் அடுக்கு அப்படியே தெரிகிறது. “இதை எப்படிக் கட்டினாங்க?” என்பது ஐந்து வயதுக் குழந்தையின் இயல்பான கேள்வி. அதற்குப் பதில் அங்கே கண்ணெதிரே இருக்கிறது, பாடப்புத்தகம் தேவையில்லை.

விட்டலர் கோயிலின் கல்தேரை எடுத்துக்கொள்வோம். 2017-இல் வந்த 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இதுதான். பெரியவர்கள் பெரும்பாலும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கையில் ஒரு நோட்டைக் கொடுத்து ‘இதில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றா, பார்’ என்று குழந்தையிடம் சொன்னால் நிலைமை மாறிவிடும். தேர் என்று நாம் அழைப்பது உண்மையில் கருடனுக்கான சன்னிதி. ஒரே கல்லில் குடைந்தது போலத் தோன்றினாலும் பல கற்களைப் பொருத்திச் செய்தது. இணைப்புகள் சிற்ப வேலைக்குள் ஒளிந்திருக்கின்றன. முன்னால் நிற்கும் இரண்டு யானைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் குதிரைகளின் வாலும் பின்னங்கால்களும் தெரியும். முதலில் அங்கே குதிரைகள் இருந்தன, யானைகள் பிறகு வந்தவை. 1856-இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் தேருக்கு மேல் செங்கல் விமானம் ஒன்று நிற்கிறது. இன்று அது இல்லை. நோட்டு, பழைய படம், கல் என்ற மூன்று சான்றுகளை ஒப்பிட்டு ‘இங்கே ஏதோ மாறியிருக்கிறது’ என்ற முடிவுக்கு ஒரு குழந்தையால் தானாகவே வர முடியும். வரலாற்று ஆய்வாளர் செய்வதும் இதே வேலைதான்.

அரண்மனை வளாகத்தில் உள்ள படிக்குளம் இன்னும் நல்ல உதாரணம். மண்ணுக்குள் புதைந்திருந்த இது 1980-களில் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டது. அதன் கரும்பச்சைக் கற்களில் சிறு சிறு எழுத்துக்களும் குறிகளும் வெட்டியிருக்கிறார்கள். எந்தத் திசை, எத்தனையாவது வரிசை, எந்த இடம் என்பதற்கான அடையாளம் அது. வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து, குறிப்பைப் பார்த்து, துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டைப் போல அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதற்கும் விடை பக்கத்திலேயே இருக்கிறது: கல்தூண்கள் மேல் ஓடும் கல்வாய்க்கால். குழந்தையை அந்த வாய்க்காலின் வழியே திரும்பி நடக்கச் சொன்னால் போதும். இன்னொரு இடத்தில் வாய்க்கால் ஓரமாகவே வரிசையாகக் கல்தட்டுகள் கிடக்கின்றன, சோற்றுக்கும் குழம்புக்கும் தனித்தனிக் குழிகளோடு. கிருஷ்ணதேவராயர் எந்த ஆண்டு முடிசூடினார் என்பது சிறு பிள்ளைக்கு எட்டாது. சாப்பாடு, தண்ணீர், யானை கட்டிய இடம் இவை எட்டும். யானைக் கொட்டாரத்தில் பதினோரு அறைகள். அவற்றின் மேலுள்ள குவிமாடங்கள் எல்லாம் ஒரே வடிவில் இல்லை. எது எது ஒத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் ஹம்பியில் சிணுங்குகிறார்கள்? காரணம் அவர்கள் வயதல்ல, நாம் போடும் திட்டம். யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்த இடம் 4,100 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. 1,600-க்கு மேற்பட்ட எச்சங்கள் இருக்கின்றன. விட்டலர் கோயில், தாமரை மஹால் வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஒரே நாளுக்கான ஒரே சீட்டு என்பதால், காசு வீணாகக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடித்துப் பிடித்துப் பார்க்கிறோம். பதினைந்து வயது வரை தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை என்பதை நினைத்தால், வீணாகக்கூடியது பெரியவர்களின் சீட்டுப் பணம் மட்டுமே. அதற்காகக் குழந்தையின் நாளைக் கெடுக்க வேண்டாம். காலையில் ஓரிடம், வெயில் தாழ்ந்த பின் ஓரிடம், நடுவில் அறையில் தூக்கம். கோடை விடுமுறையில் போவதைத் தவிருங்கள், பாறைகள் அனலாகக் கொதிக்கும். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் ஹம்பிக்கு ஏற்றவை.

சிறு பிள்ளைகள் தொட்டுச் சேதப்படுத்திவிடுவார்கள் என்பது நியாயமான கவலைதான். விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டத் தடை வந்ததே பலர் தட்டித் தட்டிப் பார்த்ததால்தான். ஆனால் 2019-இல் ஹம்பியில் தூண்களைத் தள்ளி வீழ்த்தி, அதைக் காணொளியாகவும் எடுத்தவர்கள் குழந்தைகள் அல்லர், இளைஞர்கள். கைதாகி, அபராதம் கட்டி, விழுந்த தூண்களைத் திரும்ப நிமிர்த்தி வைக்கும்படி ஆயிற்று. இத்தகைய இடத்தில் எப்படி நடந்துகொள்வதென்று சிறு வயதிலேயே சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் பிறகு எப்போது? அதோடு ஹம்பியில் ஒரு வசதி உண்டு. இயற்கையான உருண்டைப் பாறைகள் எங்கும் கிடக்கின்றன. ஏறத் துடிக்கும் பிள்ளைக்கு, பெரியவர் கூட நிற்கும்போது, தாழ்வான பாறையில் ஏறலாம், மனிதர் செதுக்கிய எதிலும் ஏறக்கூடாது என்ற ஒரே விதி போதும். நான்கு வயதுக்கும் அது விளங்கும்.

இதைவிடக் கனமான தயக்கம் வேறொன்று. “யார் இதை உடைச்சாங்க?” என்று குழந்தை கேட்டே தீரும். 1565 தலைக்கோட்டைப் போரில் தக்காணச் சுல்தான்களின் கூட்டுப்படை விஜயநகரத்தை வென்று, அதன் ஆட்சியை நடத்திவந்த இராமராயரைக் கொன்று, நகரைச் சூறையாடியது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் ‘அந்த மதத்துக்காரர்கள் உடைத்தார்கள்’ என்று ஒற்றை வரியில் முடிப்பது பொய்யில் கொண்டுபோய் விடும். அங்கேயே நிற்கும் சான்றுகள் அந்த வரியை மறுக்கின்றன. யானைக் கொட்டாரத்தின் குவிமாடங்களும் தாமரை மஹாலின் வளைவுகளும் இஸ்லாமியக் கட்டடக் கலையை விஜயநகரம் விரும்பி ஏற்றதைக் காட்டுகின்றன. விஜயநகர அரசில் பணியாற்றிய அகமது கான் 1439-இல் எழுப்பிய மசூதி இன்றும் இருக்கிறது. அதன் கல்வெட்டு அதைத் தர்மசாலை என்கிறது. இராமராயரே இளமையில் கோல்கொண்டா சுல்தானிடம் வேலை பார்த்தவர். இடிபட்ட நகரின் நடுவில் விரூபாட்சர் கோயில் தப்பி நின்றது. இன்றும் அங்கே பூசை நடக்கிறது. ஆறு வயதுக்கு இவ்வளவும் வேண்டாம். ‘ராஜாக்களுக்குள் பெரிய சண்டை. தோற்ற ஊரைக் கொள்ளையடித்தார்கள், மக்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்’ என்றால் போதும். அது உண்மையும்கூட. மீதியைப் பிள்ளை வளர வளரச் சேர்க்கலாம்.

எப்படியும் மறந்துவிடுவார்களே என்பார்கள். மூன்று நான்கு வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரியவர்கள் நினைவில் தங்குவது அரிது என்பது உண்மை. ஆனால் வீட்டில் திரும்பத் திரும்பப் பேசப்படும் நிகழ்ச்சி பிள்ளைகள் மனத்தில் நெடுங்காலம் தங்குகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அதற்கான வாய்ப்பு நிறையவே உண்டு. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் விஜயநகர பாணிக் குதிரைத் தூண்கள் இருக்கின்றன. ஹம்பியில் செங்கல் தெரிய நின்ற கோபுரத்தைப் பார்த்த பிள்ளையைக் காஞ்சிக் கோபுரத்தின் அடியில் நிறுத்தி, கல் எதுவரை, செங்கல் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள்.