'டேக்' ஓகேதானா?

தமிழர்களுக்குக் கோடம்பாக்கம் கற்றுக்கொடுத்த ஆங்கிலச் சொற்களில் 'டேக்'குக்குத் தனி இடம் உண்டு. 'ஒன் மோர் டேக்', 'ரீடேக்' என்று படப்பிடிப்புத் தளத்தில் புழங்கியது டீக்கடை அரட்டை வரை வந்துவிட்டது. 1994-இல் 'காதலன்' வந்த பிறகு 'டேக் இட் ஈஸி' சொல்லாத கல்லூரி இல்லை. போனை வைக்கும்போது 'டேக் கேர்', விமானம் கிளம்பினால் 'டேக் ஆஃப்', சாலையைத் தோண்டிப் போட்டால் 'டேக் டைவர்ஷன்'. இத்தனையும் தெரிந்தவர்கூட ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேச ஆரம்பித்தால் இந்த 'டேக்'கில்தான் வழுக்கி விழுகிறார்.

வழுக்க வைப்பது நம்முடைய 'எடு'. இரண்டு சொல்லும் பாதி வழி வரை கைகோத்துக்கொண்டே போகின்றன. போட்டோ எடுக்கிறோம், குறிப்பு எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், ரிஸ்க் எடுக்கிறோம், நடவடிக்கை எடுக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் 'டேக்'தான். அந்தத் தெம்பில் தீபாவளிக்கு டிரஸ்ஸையும் 'டேக்' பண்ணுகிறார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறும் 'டேக்' பண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் துணிக்கு 'பை', மார்க்குக்கு 'கெட்' அல்லது 'ஸ்கோர்'. 'ஐ டுக் எ ஷர்ட் ஃப்ரம் தி ஷாப்' என்றால், காசு கொடுத்தாரா இல்லையா என்று லண்டன்காரர் யோசிப்பார். சினிமா எடுப்பது 'மேக்'. பசி எடுப்பதற்கும் வாந்தி எடுப்பதற்கும் அங்கே 'டேக்'குக்கு வேலையே இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் சிக்கல் உண்டு. நாம் 'போடு' என்னும் சில இடங்களில் அவர்கள் 'டேக்' என்கிறார்கள். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டே வளர்ந்த வாய் 'புட் டேப்லெட்' என்கிறது. ஆங்கிலத்தில் மாத்திரைக்கு 'டேக்'. ஊசி போடுவதற்கு 'கிவ்'.

இந்த வாக்கியங்களில் இலக்கணப் பிழை தேடினால் கிடைக்காது. எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சேர்க்கை மட்டும் சரியில்லை. இதைத்தான் மொழியியலாளர்கள் 'கொலோகேஷன்', அதாவது சொற்சேர்க்கை, என்கிறார்கள். 1920-களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, பின்னர் லண்டன் சென்ற ஜே.ஆர். ஃபர்த், ஒரு சொல் எந்தச் சொற்களோடு பழகுகிறது என்பதும் அதன் பொருளில் ஒரு பங்குதான் என்று 1950-களில் வாதாடினார். அவர் மாணவர் ஹாலிடே காட்டிய உதாரணம் தமிழ்நாட்டுக்கென்றே சொன்னதுபோல இருக்கும்: டீ என்றால் 'ஸ்ட்ராங்', கார் என்றால் 'பவர்ஃபுல்'. பவர்ஃபுல்லாக ஒரு டீ என்று நம் ஊரில் எந்த மாஸ்டரிடமும் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு சேர்க்கை மட்டும் பாடம் நடத்தாமலே நமக்கு வந்துவிட்டது.

சொற்களைக் குறைத்துவிட்டால் ஆங்கிலம் எளிதாகிவிடும் என்று நம்பியவர் சி.கே. ஆக்டன். 1930-இல் அவர் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தில் மொத்தமே 850 சொற்கள். வினைச்சொற்கள் 18 மட்டும். அவற்றில் 'டேக்'கும் ஒன்று. 1943-இல் சர்ச்சில்கூட ஹார்வர்டில் பேசும்போது இதை ஆதரித்தார். கணக்கு எங்கே உதைத்தது? 'கன்டினியூ' என்ற ஒற்றைச் சொல்லை விலக்கினால் 'கோ ஆன்' என்று சொல்ல வேண்டும். 'கோ' தெரியும், 'ஆன்' தெரியும். இரண்டும் சேர்ந்தால் 'தொடர்' என்று புதிதாகப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? 'டேக் ஆஃப்டர்' என்றால் அப்பா அம்மா ஜாடையில் இருப்பது, 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பையோ நிறுவனத்தையோ கைப்பற்றுவது. 850 என்பது அட்டையில் போட்ட எண். உள்ளே இருந்த சுமை அதைவிடப் பெரிது.

அதே காலத்தில் டோக்கியோவில் ஹரோல்ட் பாமர் நேரெதிர் வழியில் போனார். ஜப்பானிய மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான சொற்சேர்க்கைகளைத் திரட்டி 1933-இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார். அவரோடு உழைத்த ஏ.எஸ். ஹார்ன்பி தொகுத்த அகராதி, 1942-இல் டோக்கியோவில் அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்தது. இன்று உலகெங்கும் மாணவர்கள் புரட்டும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' அதன் வாரிசுதான். ஆக்டனா, பாமரா என்று கேட்டால், வகுப்பறையில் வென்றவர் பாமர்.

1980-களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு, நிஜமான ஆங்கில எழுத்தையும் பேச்சையும் கணினியில் ஏற்றி ஆராய்ந்து, 1987-இல் 'கோபில்ட்' அகராதியைக் கொண்டுவந்தது. 'டேக்' போன்ற எளிய வினைகள் கையால் எடுப்பது என்ற நேர்ப்பொருளில் வருவதைவிட 'டேக் எ லுக்', 'டேக் எ வாக்' போன்ற கூட்டணிகளில்தான் அதிகம் வருகின்றன என்பது அப்படிப் பார்த்தபோது தெளிவானது. அந்த இடங்களில் பொருளைச் சுமப்பது பக்கத்துச் சொல். 'டேக்' வெறும் ஒப்புக்குச் சப்பாணி.

பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். 'பிளேஸ்' என்றால் இடம். சரி, 'டேக் பிளேஸ்' என்றால்? இடத்தை எடு என்றுதானே வரும்! நிகழ்வது என்று யாராவது சொல்லித் தந்தால்தான் உண்டு. அப்படித் தெரிந்துகொண்டவர்களும் 'மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ்' என்று எழுதுகிறார்கள். 'டுக் பிளேஸ்' என்பதே முழு விடை.

ஆங்கிலம் படிக்க நோட்டுப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'டிசிஷன் – முடிவு' என்று எழுதி நிறுத்த வேண்டாம். 'மேக் எ டிசிஷன்' என்று ஜோடியாகவே எழுதுங்கள். பிரிட்டனில் 'டேக் எ டிசிஷன்' என்பதும் உண்டு என்று பக்கத்தில் குறியுங்கள். கீழே உங்கள் சொந்த விஷயம் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம். ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இன்று இரவு அதில் 'டேக்' ஒன்றை மட்டும் திறந்து, நிதானமாகக் கடைசி வரை படித்துப் பாருங்கள்.