ஒரு தவறான கியர், 3,000 வெள்ளி

பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கிப் படிக்கும் அறையின் மேசை மீது, வளைந்துபோன எஞ்சின் வால்வு ஒன்று இருக்கிறது. அது கிள்ளானில் கார் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவின் பழைய புரோட்டோன் சத்ரியாவிலிருந்து கழற்றியது. அதை வளைத்தவன் நான்தான். அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

இரண்டு ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா அந்தக் காரைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தார். சென்ற ஆண்டு, செப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் தங்கள் காரை ஓட்ட அனுமதிக்கும் நாளொன்றில், கட்டணம் கட்டி உள்ளே போனோம். காலையில் மாமா ஓட்டினார். மதியம் சாவியை என்னிடம் கொடுத்தார்.

“கியர் கம்பியை இறுக்கிப் பிடிக்காதே தம்பி. தள்ளிவிட்டால் போதும், அதுவே போய் உட்காரும்” என்றார். நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

மூன்றாவது வளைவில் நடந்தது

செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், மொத்தம் 15 வளைவுகள். முதல் இரண்டு வளைவுகளும் மெதுவாகக் கடக்க வேண்டியவை. அதன்பின் வலப்பக்கம் நீண்டு வளையும் மூன்றாவது வளைவில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். அங்கே மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றப் போனேன். வலது வளைவில் உடல் இடப்பக்கம் சாயும். கியர் கம்பியை இறுகப் பிடித்திருந்த என் கையும் உடலோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தது. நான்காம் கியர் விழ வேண்டிய இடத்தில் இரண்டாம் கியர் விழுந்தது.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். மூன்றாம் கியரின் விகிதம் 1.4, இரண்டாம் கியரின் விகிதம் 2.0 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 முறை சுற்றுகிறது. அதே வேகத்தில் இரண்டாம் கியரைப் போட்டால், 6,500-ஐ 2.0-ஆல் பெருக்கி 1.4-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 9,300. சாதாரண எஞ்சின் தாங்கக்கூடிய அளவல்ல அது.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் கருவி காரில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். இங்கே எஞ்சினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்கள். அந்த வேகத்தில் வால்வுகள் மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடித்துவிடுகிறது. முன்சக்கரங்கள் பிடி இழந்தன. கார் இடப்பக்கப் புல்வெளியில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை.

இழுவை வண்டியில் கிள்ளான் திரும்பும் வழியெல்லாம் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பழுதுபார்க்க 3,000 வெள்ளி ஆனது. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் பட்டறையில் வேலை செய்து கடனை அடைத்து வருகிறேன்.

மாமா கற்றுக்கொடுத்த பாடம்

முதல் பாடம் கைக்கு. கியர் கம்பியை உள்ளே இருக்கும் ஸ்பிரிங், மூன்றாம், நான்காம் கியர்களின் நடுக்கோட்டுக்குத் தானே கொண்டுவந்துவிடும். அதனால் மூன்றிலிருந்து நான்குக்குப் போக விரல்களால் நேராகப் பின்னே இழுத்தால் போதும். பக்கவாட்டில் எந்த அழுத்தமும் வேண்டாம். மாற்றியதும் கை ஸ்டீயரிங்குக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது பாடம் காலுக்கு. இதுதான் கடினம். வளைவுக்கு முன் பிரேக் பிடித்துக்கொண்டே கியரைக் குறைக்க வேண்டும். குறைந்த கியருக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றை ஓட்டுநர் கொடுக்காமல் கிளட்சை விட்டால், சக்கரங்கள்தான் எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுழற்றும். கார் குலுங்கும், சக்கரம் வழுக்கும். ஆகவே வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, அதே பாதத்தின் ஓரமோ குதிகாலோ எண்ணெய் பெடலை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் இடது கால் கிளட்சை மிதித்திருக்கும், இடது கை கியரை மாற்றும். சரியாகச் செய்தால் காரில் இருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியாது.

இதை நான் பட்டறையில் நிறுத்தி வைத்த காரில், எஞ்சினை அணைத்துவிட்டு, பல வாரங்கள் பழகினேன். முதலில் பிரேக் அழுத்தம் மாறாமல் வைத்திருக்கவே வரவில்லை.

காதுதான் ஆசான்

“மீட்டரைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள்” என்பார் மாமா. அவர் அதைக் கற்றது பத்து தீகாவில். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போகும்போது அந்த நிலையத்தைக் கடந்துதான் போகிறேன். அங்கே 1968-இல் உருவான பந்தயத் தடத்தில் 1985-இல் உலக ஸ்போர்ட்ஸ் கார் போட்டியும், 1991 முதல் உலக மோட்டார் சைக்கிள் போட்டிகளும் நடந்தன. இன்று அந்தத் தடம் இல்லை. இளவயதில் அங்கே வேலியோரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, யார் ஒழுங்காகக் கியர் மாற்றுகிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்வாராம்.

கோலாலம்பூரில் பிறந்த கரம்ஜித் சிங், 2002-இல் துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ராலி போட்டியின் தயாரிப்புக் கார் பிரிவில் வாகை சூடினார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். மண்ணிலும் சரளைக் கல்லிலும் பிடி அடிக்கடி மாறும் ராலியில், கை, கால், காது மூன்றும் ஒன்றாக வேலை செய்யாவிட்டால் வெற்றி ஏது?

ஃபார்முலா ஒன் கார்களில் இப்போது கிளட்ச் பெடலே இல்லை. 1989-இல் ஃபெராரி அணி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. அந்தக் காரின் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் பிரேசிலில் வென்றார். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் செப்பாங்கில் ஜோர்டான் காரில் 11ஆவதாக வந்தபோதும் விரலால்தான் கியர் மாற்றினார். எஞ்சின் சுற்றைப் பொருத்தும் வேலையைக் கணினி செய்தது. வேலை அதேதான், செய்யும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

சாலை வேறு, தடம் வேறு

என் நண்பர்கள் பலர் தானியங்கிக் கார்களுக்கான ‘டிஏ’ உரிமமே போதும் என்கிறார்கள். தவறில்லை. ஆனால் ‘டி’ உரிமம் வைத்திருக்கும் சிலர் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அவர்களோடு காரில் உட்கார்ந்தும் இருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. செப்பாங்கில் என் தவறுக்குப் புல்வெளி இடம் கொடுத்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் என் இடப்பக்கம் இருந்திருக்கக்கூடியவர், இரவு வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் யாரோ ஒருவரின் அப்பா.

வேகம் பிடிக்கும் என்றால், காசு சேர்த்துத் தடத்துக்குப் போங்கள். அதற்கு முன் நிறுத்திய காரில் காலைப் பழக்குங்கள்.

கடனில் இன்னும் 400 வெள்ளி பாக்கி இருக்கிறது. சென்ற சனிக்கிழமை, பழுது முடிந்த சத்ரியாவை எடுத்து வரச் சொல்லி மாமா சாவியைத் தூக்கிப் போட்டார். பட்டறை வாசலில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றித் திரும்பினேன். கார் குலுங்கவில்லை. மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “ம்ம்” என்றார்.