நீலத் திரை கண்டு நடுங்குவானேன்?

குடியிருப்போர் எழுந்து போகாதிருக்கையிலேயே ஒரு வீட்டின் அத்திவாரத்தை மாற்றியமைப்பது எத்தகைய காரியமோ, கணினியின் பணிசெயல் முறைமையைப் புதுப்பிப்பதும் அத்தகைய காரியமே. நாம் எழுதிய கடிதங்களும், எடுத்த படங்களும், பிள்ளைகளின் பரீட்சைக் குறிப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றைத் தாங்கி நிற்கும் அடித்தளம் முழுவதும் அகற்றப்பட்டு வேறொன்று இடப்படுகின்றது. இவ்வேலை பாதி வழியில் முறிந்து, திரை நீலமாகி, விளங்காத எழுத்துக்கள் தோன்றும்போது வீட்டில் உண்டாகும் கலக்கம் சொல்லுந்தரமன்று. (2025 ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 11 இல் அத்திரையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். நிறம் மாறியதே தவிரக் கலக்கம் மாறவில்லை!)

விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதனை அடுத்து விண்டோஸ் 11 இற்கு மாற முற்பட்ட குடும்பங்கள் பல. அவர்கள் முதலில் அறிய வேண்டியது யாதெனில், நடுவழியில் முறிந்த கணினி இறந்துபோன கணினி அன்று என்பதே. புதிய முறைமையை நிறுவும்போது பழையது உடனே அழிக்கப்படுவதில்லை; அது வன்தட்டிலே ஒரு புறமாக ஒதுக்கி வைக்கப்படுகின்றது. புதியது நிலைகொள்ளாவிடின், கணினி பெரும்பாலும் தானாகவே பழைய முறைமைக்குத் திரும்பிவிடும். இத்திரும்புதலுக்குச் சில வேளைகளில் மணிக்கணக்கான நேரமும் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவோர், பிழைத்துக்கொண்டிருக்கும் நோயாளியின் மூக்கைப் பொத்துகின்றவர்கள் ஆவார்.

பழைய முறைமைக்குத் திரும்பிய பின்னர் ஒரு வழு எண் திரையில் காட்டப்படும். அதனை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும்; கைபேசியால் படம் பிடித்தாலும் நன்றே. பொருளற்ற எண்ணென்று அதனைத் தள்ளிவிடலாகாது. 'சைபர் எக்ஸ் சி1900101' என்று முற்பகுதியும், 'சைபர் எக்ஸ் 30018' என்றாற்போலப் பிற்பகுதியும் அமைந்திருக்கும் எனக் கொள்வோம். பிற்பகுதியில் எக்ஸை அடுத்து நிற்கும் முதல் இலக்கம், வேலை எக்கட்டத்தில் முறிந்தது என்பதைத் தெரிவிப்பது. 1 எனில், பழைய முறைமை இயங்கிக்கொண்டிருந்த ஆரம்ப நிலை. 2 எனில், இடையில் இயங்கும் ஒரு சிறு முறைமை புதியதை வன்தட்டில் பரப்பிய நிலை. 3 எனில், புதிய முறைமை முதன் முறையாகக் கண் விழித்த நிலை. 4 எனில், வரவேற்புத் திரையை அண்மித்த இறுதி நிலை.

முற்பகுதியோ காரணத்தைச் சுட்டுகின்றது. மேலே காட்டிய சி1900101 என்பது பெரும்பாலும் 'டிரைவர்' எனப்படும் சிறு மென்பொருளின் கோளாறாகும். பிரின்டர், வைபை, திரை முதலிய ஒவ்வொரு கருவிக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடையே நின்று பேசுவது இந்த டிரைவரே. நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளனைப் போன்றது என்று மாணவருக்கு நான் சொல்வதுண்டு. புதிதாக வந்த நீதவானின் மொழி அவனுக்குத் தெரியாதெனின் வழக்கு எவ்வாறு நடக்கும்? பழைய டிரைவர் புதிய முறைமையுடன் பேச முடியாதபோது நிகழ்வதும் அதுவே.

ஆகவே, மறுமுறை முயலுமுன், விசைப்பலகை, மவுஸ், திரை ஆகியன தவிர்ந்த கருவிகள் யாவற்றையும் கழற்றிவிடுக. வேறு நிறுவனத்தாரின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருப்பின் அதனைத் தற்காலிகமாக நீக்குக. கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவர்களைப் பெற்று இடுக. வழு எண் 80070070 என முடியுமாயின் குற்றம் டிரைவரில் இல்லை; வன்தட்டில் இடம் போதாது என்பதே அதன் பொருள். ஏறத்தாழ 20 ஜிகாபைட் வெற்றிடமேனும் இருத்தல் நலம்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த குறும்பினால் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதாக அமைச்சரே கூறினார். குரங்கை நம்பிக் கணினியைப் புதுப்பித்தல் தகுமா? மடிக்கணினியாயின் மின்கலத்தை முழுவதும் நிரப்பி, சார்ஜரும் இணைத்த பின்னரே தொடங்குக.

இத்தனையும் செய்தாலும் ஓர் அபாயம் எஞ்சியிருக்கின்றது. 2018 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 இன் 1809 ஆம் பதிப்பு, முறிவு எதுவுமின்றி இனிதே நிறுவப்பட்ட பின்னர், சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. தேவையற்ற வெற்றுக் கோப்புறைகளை நீக்கும் பொருட்டு எழுதப்பட்ட நிரல், வெற்றாயில்லாத கோப்புறைகளையும் நீக்கிவிட்டமையே காரணம். சில நாட்களில் அப்பதிப்பு நிறுத்தப்பட்டு, திருத்தத்துடன் நவம்பரில் மீண்டும் வெளிவந்தது. பழைய முறைமைக்குத் திரும்பும் வசதி முறைமையைத்தான் மீட்கும். அழிந்த படத்தை மீட்கும் என்பதற்கு உறுதியில்லை. வேறொரு வன்தட்டிலோ பென்டிரைவிலோ முன்கூட்டியே எடுத்துவைத்த பிரதி ஒன்றே அதற்குத் துணை.

அவ்வாறு பிரதி எடுக்காதிருந்து, கணினியும் எழும்பாது போயின், திருத்துவோரிடம் கொண்டு செல்வதன்றி வேறு வழி தோன்றாது. "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறோம், தம்பி" என்று அங்கே இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு உடன்படுமுன், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைத்து, உள்ளிருக்கும் கோப்புகளைப் பிரதி செய்து தருமாறு கேளுங்கள். முறைமை இயங்காத வன்தட்டிலும் கோப்புகள் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். ஆயின், பிட்லொக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட வன்தட்டாயின் 48 இலக்கங்கள் கொண்ட திறவு எண் இன்றி எவராலும் அதனைத் திறக்க இயலாது. அவ்வெண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கிலே சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இயங்கும் இன்றைக்கே அதனைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.