ஆறு பேருக்கு ஒரு நடை

எச்.ஐ.வி. நோய்க்குரிய மருந்து வாழ்நாள் முழுவதும் நாள் தவறாது உட்கொள்ளப்பட வேண்டியது. நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகும். விட்டுவிட்டு உண்டால் மருந்துக்கே அடங்காததாக மாறிவிடவும் கூடும். ஆகவே சிகிச்சையைத் தொடங்குவதினும் நோயாளியை அதில் நிலைக்கச் செய்வதே கடினம். பாதியில் நின்றவரைப் பொறுப்பற்றவர் எனச் சாடுவது எளிது. அவ்வாறு சாடுவோர், அவர் நடந்து வரவேண்டிய தொலைவை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மொசாம்பிக் நாட்டில், சாம்பேசி ஆறு பாயும் டெட்டே மாகாணத்தில் இத்தொல்லை பெரிதாயிருந்தது. மருந்து வாங்க மாதந்தோறும் நெடுந்தொலைவு செல்லவேண்டும். வண்டிச் சத்தம் ஒருபுறம், அன்றைய கூலி இழப்பு மறுபுறம், போய்ச் சேர்ந்தால் நீண்ட வரிசை.

2008ஆம் ஆண்டில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் மாகாண நலத்துறையும் நோயாளரையே ஆறு பேர் வரை கொண்ட குழுக்களாகச் சேர்த்தன. ஆறு மாதமேனும் மருந்துண்டு உடல் தேறியவர்களே சேரலாம். மாதம் ஒருவர் மருத்துவ நிலையம் செல்வார். அவர் புறப்படுமுன் அனைவரும் கூடி, மீந்த மாத்திரைகளை எண்ணுவர். யாருக்கேனும் இருமலோ காய்ச்சலோ உண்டா என விசாரிப்பர். சென்றவர் இவற்றைத் தெரிவித்து, தம் உடலையும் பரிசோதித்துக்கொண்டு, எல்லாருக்குமான மருந்துடன் திரும்புவார். நம் ஊர்ப் பெண்கள் சீட்டுக் கட்டி மாதம் ஒருவராய் எடுப்பதை இது ஒத்திருக்கிறது எனலாம். இவ்வாறு ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் மருத்துவப் பணியாளர் கண்ணில் படுகின்றனர். வராதவரைத் தேடி வாசலுக்கு வருபவரும் அரசு ஊழியரல்லர். அதே மாத்திரையை உண்ணும் அயலார்.

2011இல் வெளியான கணக்கின்படி 291 குழுக்களில் 1,384 பேர் சேர்ந்திருந்தனர். வேறிடம் மாறியோர் நீங்கலாக 1,301 பேரில், ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் 1,269 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தனர். 30 பேர் இறந்தனர். தொடர்பற்றுப் போனவர் இருவரே! உடல் தேறியோரையே சேர்த்தமையால் இவ்வெண்ணை எல்லா நோயாளர்க்கும் பொருத்துதல் தகாது. ஆயினும் இருவர் என்பது சிறிய செய்தியன்று.

தம் நோயை அயலார் அறிய அஞ்சுவோர் இத்தகைய குழுவில் சேரத் தயங்குவர். உடல்நிலை சீரானோர்க்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒருங்கே வழங்கலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது இவர்களுக்கும் உதவுவதே. ஆனால் அத்தனை மருந்துப் புட்டிகளை வீட்டாரறியாமல் எங்கே வைப்பது என்னும் கவலை அவர்களை விட்டபாடில்லை.