விரைபடகின் தடுமாற்றங்களும் அவற்றின் காரணங்களும்

கொட்டியாரக் குடாவின் கரையிலே காலை வேளையில் நின்று கடலை நோக்குவோர், அலையே இல்லாத நீர்ப்பரப்பில் ஒரு படகு மட்டும் அணியம் எழுந்தும் விழுந்தும் துள்ளிச் செல்வதைக் கண்டிருப்பர். கடல் அமைதியாயிருக்கப் படகு ஏன் துள்ளவேண்டும்? "மெசின் சரியில்லை" என்பதே கரையில் நிற்போர் பெரும்பாலும் கூறும் விடை. அவ்விடை பல வேளைகளிற் பிழையானது. அதனை நம்பிப் பணத்தை இழப்போரும் உளர். உயிரை ஆபத்துக்குள்ளாக்குவோரும் உளர். ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்தல் தகும்.

இலங்கைக் கரையோரத்தில் இன்று பெருவழக்காயுள்ள கண்ணாடியிழைப் படகுகள் ஏறக்குறைய 15 அடி முதல் 23 அடி வரை நீளமுடையவை. அவற்றின் வெளியிணைப்பு இயந்திரங்கள் 8 முதல் 40 வரை குதிரைவலுக் கொண்டவை. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கடல்களில் இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்து அவை தளர்ந்தபின், பெரிய இயந்திரத்தை வாங்கிப் பழைய உடலிலே பூட்டும் ஆசை இயல்பாக எழுந்தது. புறாமலைத் தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வனவும் இவ்வகைப் படகுகளே. வலுவும் சுமையும் மாறின. படகின் அடித்தளமோ மாறவில்லை. தடுமாற்றத்தின் விதை இங்கேதான் உள்ளது.

மெல்லச் செல்லும் படகை நீரின் மிதப்பு விசையே தாங்குகின்றது. அந்நிலையில் அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகுக்கு அவ்வெல்லை ஏறத்தாழ ஐந்தரைக் கடல்மைல். அதற்கு மேலும் விசையைக் கூட்டினால், படகு தானே எழுப்பிய அலையின்மேல் ஏறி, நீரின் மேற்பரப்பிலே சறுக்கத் தொடங்கும். சறுக்கும் படகைத் தாங்குவது, அடித்தளத்தின் பின்பகுதியில் மோதும் நீர் தரும் மேலுந்து விசையே. இவ்விசை தாக்கும் இடமும் படகின் எடை மையமும் ஒன்றுக்கொன்று இசைந்திருத்தல் வேண்டும். இசையாவிடின் அணியம் மிக உயரும், உயரவே மேலுந்து விசை எடையை மிஞ்சும், படகு எழும், எழுந்ததும் விசை குன்றும், படகு விழும். விழுந்தது மீண்டும் எழும். கரையிலிருந்து நாம் கண்ட துள்ளல் இதுவே.

இதனை அறிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. துள்ளும்போது விசையைச் சற்றுக் குறைத்துப் பார்க்க. துள்ளல் உடனே நின்றால், குறை இயந்திரத்தினுள் இல்லை, சமநிலையிலே உள்ளது. முதலில் எரிபொருட் கலத்தையும் பனிக்கட்டிப் பெட்டியையும் வலையையும் முன்னோக்கி நகர்த்துக. அடுத்து, இயந்திரத்தின் சாய்வைத் தீர்மானிக்கும் ஆணியை ஒரு துளை உள்ளே மாற்றிக் கீழ்க்காலைப் படகின் பக்கம் கொணர்க. இவ்விரண்டும் பணச்செலவில்லாதவை, அதனாற்போலும் பலர் இவற்றைக் கடைசியிலேயே செய்கின்றனர்!

இவற்றால் நீங்காவிடிற் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, நேரான மரச்சட்டம் ஒன்றை அடித்தளத்தின் கடைசி நான்கைந்து அடியில் நீளவாக்கில் வைத்து நோக்குக. நடுவே புடைத்திருந்தால் துள்ளல் உண்டாகும். உட்குழிந்திருந்தால் அணியம் நீரை உழும். சீரற்ற கட்டைகளின்மேற் பல மாதம் வைத்த படகு இவ்வாறு உருமாறுவதுண்டு. ஈரம் உறிஞ்சிய உள்நுரையும் பொல்லாதது. படகு வெறுமையாய் இருப்பினும் கனத்துக் கிடக்கும்.

திருப்பும்போது இயந்திரம் திடீரெனக் கதறி, படகு முன்னேறாது நிற்றல் மற்றொரு குறை. சுழல்விசிறி மேற்பரப்புக் காற்றை உள்ளிழுத்துக்கொள்வதே இதன் காரணம். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு ஏறக்குறைய அடித்தளத்தின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். மிக உயர்ந்திருந்தால் இயந்திரத்தைத் தாழ்த்துக. காற்றின்றி நீரே அழுத்தக் குறைவால் ஆவிக்குமிழியாதல் வேறொரு நோய். சார்ள்ஸ் பார்சன்ஸ் 1894இல் வெள்ளோட்டம் விட்ட 'டர்பீனியா' முதலில் எதிர்பார்த்த வேகத்தை எட்டாமைக்குக் காரணம் இதுவே. மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளைப் பொருத்திய பின்னரே அது 1897இல் 34 கடல்மைல் வேகத்தைக் காட்டிற்று. இயந்திரம் நன்றாயிருந்தும் விசிறியிலே குறையிருக்கலாம் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நேரே செல்லும் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கின், இயந்திரப் பிடியாணிகள் தளர்ந்துள்ளனவா என்று முதலிற் பார்க்க. பின்னர் சுமை ஒருபுறம் சாய்ந்துள்ளதா என நோக்குக. படகு ஓயாது வலப்புறம் இழுத்தால், அத்தகட்டின் கீழுள்ள சிறு துடுப்பின் பின்முனையையும் வலப்புறமே சிறிது திருப்புதல் வேண்டும்.

எடையை முன்னே தள்ளுதலிலும் அளவு உண்டு. வாடைக்காலத்தில் வெளிக்கடலிலிருந்து குடாவினுள் நுழையும் படகுக்கு அலை பின்னிருந்து வரும். அப்போது அணியம் கனத்திருந்தால், அது முன்னலையிற் குத்தி நிற்க, பின்புறம் சுழன்று படகு குறுக்கே விழும். கச்சான் காலத்திலோ நிலைமை நேர்மாறு. மீன் படாது வெறும் படகில் தனியொருவர் பின்னே அமர்ந்து, எதிர்க்காற்றில் முழுவிசையோடு கரை திரும்பும்போது, உயர்ந்த அணியத்தின் கீழே காற்றுப் புகும். டொனால்ட் கம்பெலின் 'புளூபேர்ட்' படகுக்கும் 1966 நவம்பரில் எடைப்பங்கீட்டை மாற்றியமைத்த பின்னரே உயர்வேக ஓட்டங்கள் இயன்றன. 1967 ஜனவரி 4ஆந் தேதி கோனிஸ்டன் ஏரியில், முதலோட்டத்தில் எழுந்த அலைகள் அடங்குமுன் அவர் திரும்பி ஓட்டினார். மணிக்கு 300 மைல் அளவான வேகத்தில் அணியம் மேலெழுந்து, படகு பின்னோக்கிப் புரள, அவர் மாண்டார். நம் படகுகளின் வேகம் அதிற் பத்திலொரு பங்குதான் எனினும், அணியத்தைக் காற்றுத் தூக்கும் முறை ஒன்றே. ஒரு மணல்மூட்டையை முன்னே இடுதல் இதற்குப் போதும்.

சோதனை ஓட்டத்தை அலையில்லாத காலையில் உட்துறைமுகப் பக்கத்திலே செய்தல் நன்று. ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். ஆணியையும் சுமையையும் ஒருங்கே மாற்றியவருக்கு எது பயன்தந்தது என்பது தெரியாது. ஆணி எந்தத் துளையில் இருந்தது, எண்ணெய் எவ்வளவு, எத்தனைபேர் எங்கே இருந்தனர் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைக்க. ஓட்டுபவர் அவசர நிறுத்தக் கயிற்றைக் கையிற் கட்டிக்கொள்ளாது இச்சோதனையைத் தொடங்கலாகாது. துள்ளும் படகிலிருந்து முதலில் வீழ்பவர் அவரே. அதன்பின் ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்புவது அவர் மீதே.