போதகரின் காதலும் எங்கள் சபையாரின் சிரிப்பும்



வேதாகமக் கல்லூரியில் நான் பயின்ற நாட்களில், நாவல் என்னும் சொல்லையே விடுதியில் நாங்கள் தாழ்ந்த குரலில்தான் உச்சரிப்போம். என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு கதைப் புத்தகம் அகப்பட்டதற்காக, ஒரு வாரம் சமையலறையில் பாத்திரம் துலக்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட அடியேனே எங்கள் சபையில் ஒரு காதல் கதையை ஆறு சனிக்கிழமை மாலைகள் அமர்ந்து கேட்டேன் என்றால், உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்திய புருவத்தோடேயே இதை முடிவுவரை வாசிக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

மும்பையில் எங்கள் சபை சிறியது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பங்களே பெரும்பாலோர். சனிக்கிழமை மாலைதோறும் சகோதரிகளின் ஐக்கியக் கூடுகை உண்டு. அந்தேரியில் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் இளம் சகோதரி ஒருத்தி, உள்ளூர் ரயிலில் வாசித்து வந்த ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றி அங்கே சொல்ல, மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் சகோதரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

கதையும் அதை எழுதியவரும்

அந்த நாவலின் பெயர் ‘அட் ஹோம் இன் மிட்ஃபோர்டு’. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1937-இல் பிறந்த ஜேன் கேரன் அம்மையார் எழுதியது. விளம்பரத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர் அவர். ஐம்பதாம் வயதளவில் அந்த வேலையை விட்டுவிட்டு, ப்ளோயிங் ராக் என்னும் மலைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து எழுத அமர்ந்தார். அவ்வூர் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதைதான் 1994-இல் புத்தகமாயிற்று. அதன் தொடர்ச்சியான ‘எ லைட் இன் த விண்டோ’ 1995-இல் வெளிவந்தது. பின்னர் அவ்வரிசை பத்து நூல்களுக்கும் மேலாக வளர்ந்தது.

கதாநாயகர் ஒரு போதகர். வயது அறுபது. மணமாகாதவர். எபிஸ்கோப்பல் சபை, அதாவது நம் ஊர்த் தென்னிந்தியத் திருச்சபையாருக்கு உறவுமுறையான ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த குருவானவர். எனவே கதை சொன்ன சகோதரி அவரை ‘டிம் ஐயர்’ என்றே அழைத்தாள். நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் வளர்ந்த நம் மூத்த தாய்மார்களுக்கு அந்த ஒரு சொல்லிலேயே அவர் சொந்தக்காரராகிவிட்டார்.

யாரும் அழையாமலே ஒரு பெரிய கறுப்பு நாய் அவரைத் தேடி வருகிறது. பர்னபா என்று அதற்குப் பெயரிடுகிறார். அது துள்ளிக் குதித்து அட்டகாசம் செய்யும்போது வேதவசனத்தை உரக்கச் சொன்னால் போதும், அடங்கிப் படுத்துவிடும். ஆதரவற்ற ஒரு பதினொரு வயதுச் சிறுவனும் அவர் வீட்டில் வந்து சேருகிறான். இதற்கிடையில் ஐயருக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் கண்டுபிடிக்கிறார். இத்தனைக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக்குச் சிந்தியா என்னும் பெண்மணி குடிவருகிறார். குழந்தைகளுக்குக் கதையும் படமும் வரையும் அவர், சர்க்கரை கடன் கேட்டு ஐயரின் கதவைத் தட்டுகிறார். அறுபது ஆண்டுகள் தனித்திருந்தவரின் உள்ளம் தடுமாறத் தொடங்குகிறது.

ஆளுக்கொரு கருத்து

எங்கள் சபையில் மூத்தவரான எழுபத்தெட்டு வயதுத் தாயார், நாயின் கதையைக் கேட்டு முகவாயில் கைவைத்துக்கொண்டார். “என் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் சங்கீதம் வாசிக்கிறேன் ஐயா. அந்த நாய்க்கு இருக்கிற பயபக்தி அவனுக்கு இல்லையே!” என்றார். பேரனும் அங்கேதான் இருந்தான். அவனும் சிரித்தான். அதற்கு அடுத்த ஞாயிறு அவன் பாட்டியின் கையைப் பிடித்து ஆலயத்துக்கு அழைத்து வந்ததைப் பலரும் கவனித்தோம்.

சர்க்கரை நோயுள்ள ஒரு சகோதரிக்கு ஐயரின் உபத்திரவம் நன்றாய்ப் புரிந்தது. அந்த ஊரில் ஆரஞ்சு மார்மலேட் கேக் செய்வதில் பேர்போன ஓர் அம்மாள் இருக்கிறார். அன்பைக் கேக்கினால் வெளிப்படுத்தும் சபையாரிடம் வேண்டாம் என்று சொல்லப் போதகருக்கு வாய் வருவதில்லை. “நம் பாஸ்டருக்கும் அதே நிலைதான். ஒரு நாளில் எட்டு வீடு சந்தித்தால் எட்டுக் கோப்பை தேநீர்” என்றார் அச்சகோதரி. அன்றுமுதல் விசுவாசிகளின் வீடுகளில் எனக்குச் சர்க்கரையில்லாத தேநீர் கிடைக்கிறது. நாவல் வாசிப்பினால் வந்த நன்மைகளில் இதையும் நன்றியோடு எண்ணுகிறேன்.

மூப்பர் ஒருவர் எழுந்து வேறுவிதமாய்ப் பேசினார். “அந்நியபாஷையுமில்லை, முழுக்கு ஞானஸ்நானமுமில்லை. ஒரு ஐயர் பக்கத்து வீட்டு அம்மாளிடம் மனதைப் பறிகொடுத்த கதை நமக்கு எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கதைசொல்லிய சகோதரி பதிலாக ஒரு காட்சியை மட்டும் சொன்னாள். நம்பிக்கையிழந்த ஒரு மனிதன் ஆலயத்துக்குள் வந்து, மேலே நீர் இருக்கிறீரா என்று தேவனை நோக்கிக் கதறுகிறான். தேவன் இங்கே, இந்தத் தரையில், நம்மோடு இருக்கிறாரா என்பதே உண்மையான கேள்வி என்று டிம் ஐயர் சொல்லி, அவனோடு முழங்கால்படியிடுகிறார். ஆலயத்தின் பரணில் ஒளிந்திருந்த நகைத் திருடன் ஒருவனும் அந்த ஜெபத்தைக் கேட்டு, அங்கேயே தன்னை ஒப்புக்கொடுக்கிறான். மூப்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் திருடன் அகப்பட்டானா?” என்று கேட்டார். தானே சபை நடுவில் வந்து அறிக்கையிட்டான் என்று சொன்னபோது, “அல்லேலூயா” என்றார்.

கதை என்பதற்காகவே அதைத் தள்ளிவிட நமக்கு நியாயமில்லை. தாவீதின் பாவத்தை உணர்த்த நாத்தான் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைத்தான் கொண்டுபோனான் (2 சாமுவேல் 12). ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணமும் கற்பனைக் கதையே. தமிழில் முதல் நாவல் என்று போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளியானது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கிறிஸ்தவர். நகைச்சுவை நிரம்பிய அந்நூலில் கணவன் மனைவியின் அன்பே கதையின் உயிர். ஆகவே சிரிப்பும் அன்பும் கலந்த கதை நமக்கு அந்நியமானதன்று. இருப்பினும் எல்லாக் கதையும் நல்ல கதையாகிவிடாது. வாசித்தபின் ஜெபிக்க மனம் கூசுமானால், அந்தப் புத்தகத்தை மூடிவிடுவதே நலம்.

வாலிபச் சகோதரிகளில் ஒருத்தி சொன்னது என் உள்ளத்தில் தைத்தது. “டிம் ஐயரும் சிந்தியாவும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள், ஜெபிக்கிறார்கள், ஒருவரையொருவர் சிரிக்க வைக்கிறார்கள். எனக்கு வரும் வரன்களில் இன்ன சாதி, இத்தனை சவரன் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் இரட்சிக்கப்பட்டவளா என்று கேட்டவர்கள் குறைவு. நான் சிரிப்பேனா என்று ஒருவரும் கேட்டதில்லை.” பெற்றோர்கள் தரையை நோக்கினார்கள். போதகனாகிய நானும் அப்படியே.

ஆறாம் சனிக்கிழமை

இரண்டாம் நூலில் ஐயரின் தவிப்பு பெருகுகிறது. ஒரு செல்வந்த விதவை அவரைத் துரத்துகிறார். சிந்தியாவோ வேலைநிமித்தம் நியூயார்க் நகரில் இருக்கிறார். காதலை அறிவிக்கும் கடிதம் எழுத அமர்ந்து அந்தப் பெரியவர் படும் பாட்டைச் சகோதரி விவரித்தபோது, சிலருக்குக் கண்ணீர் வருமளவும் சிரிப்பு. கடைசியில் ஐயர் துணிந்து திருமணம் பேசிவிட்டார் என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்பொழுது பின்வரிசையில் ஒரு சகோதரர் எழுந்து நின்றார். தாராவியில் தோல் பட்டறையொன்றில் முப்பது ஆண்டுகள் தையல் வேலை செய்தவர். வயது அறுபத்தொன்று. மனைவியை இழந்து ஆறாண்டுகள் ஆயின. மகன் குடும்பத்தோடு ஒற்றை அறையில் இருக்கிறார். இரவில் இடமில்லாததால் நடைவழியில் பாய் விரிப்பார். கூடுகைகளில் வாய் திறவாதவர்.

“அந்த ஐயருக்கு அறுபதில் கலியாணம் என்றதும் எல்லாரும் சந்தோஷமாய்ச் சிரிக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னே நான் கேட்டபோதும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது” என்றார். அவ்வளவே சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வாசகர்களே, அந்த நாளை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. எங்கள் சபையிலேயே இருந்த விதவைச் சகோதரி ஒருவரை மணந்துகொள்ள விரும்பி அவர் என்னிடம் வந்தார். நான் புன்னகைத்து, இந்த வயதில் ஜெபத்தில் தரித்திருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். விஷயம் வெளியே கசிந்தது. வாலிபர்கள் கேலி பேசினார்கள். மகன் வெட்கப்பட்டான். அந்தச் சகோதரி சில மாதங்களில் சொந்த ஊரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்.

மனுஷன் தனிமையாயிருப்பது நலமல்ல என்று தேவன் கண்டதை (ஆதியாகமம் 2:18) எத்தனையோ திருமணங்களில் பிரசங்கித்திருக்கிறேன். அதற்கு வயது வரம்பு எழுதப்படவில்லை. சாராளை அடக்கம்பண்ணியபின் ஆபிரகாம் கேத்தூராளை விவாகம்பண்ணினான் (ஆதியாகமம் 25:1). கணவன் மரித்தபின் கர்த்தருக்குட்பட்டு மணந்துகொள்ள விதவைக்கு விடுதலை உண்டென்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:39). இவை அனைத்தும் எனக்குத் தெரியும், தேர்வும் எழுதியிருக்கிறேன். நடைவழியில் பாய் விரிக்கும் ஒரு மனிதனுக்கு முன்பாக அந்தப் படிப்பு எனக்கு உதவவில்லை.

சாராள் இரண்டு தரம் சிரித்தாள். வாக்குத்தத்தத்தைக் கேட்டபோது உள்ளத்தில் நகைத்தாள் (ஆதியாகமம் 18:12). ஈசாக்கைப் பெற்றபோது, கேட்கிற யாவரும் தன்னோடேகூட நகைப்பார்கள் என்று மகிழ்ந்தாள் (ஆதியாகமம் 21:6). ஒருவரோடேகூடச் சிரிப்பதும், ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதும் ஒன்றல்ல. எங்கள் சபை இரண்டையும் செய்திருந்தது. முந்தினதைக் கதையிலுள்ள அயல்நாட்டாருக்கும், பிந்தினதைச் சொந்தச் சகோதரனுக்கும் கொடுத்திருந்தோம்.

அன்று கூடுகை முடியுமுன், எல்லாருக்கும் முன்பாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை ஐயா” என்றார். பரவாயில்லை என்பது எப்போதும் மன்னிப்பாகிவிடாது என்பதை அறிவேன். மறுவாரம் அவர் மகன் தானாகவே என்னைத் தேடி வந்தான். நெடுநேரம் பேசிவிட்டு, “அப்பாவுக்கு உள்ளே படுக்க இடம் ஒழுங்குசெய்திருக்கிறேன்” என்று சொன்னான். ஊருக்குப் போன சகோதரியின் மனதை நாங்கள் அறியோம். அதை விசாரிப்பதா வேண்டாமா என்பது அவருடைய தீர்மானம். அவர் கேட்டால் கூடப் போவதற்கு நான் ஆயத்தமாயிருக்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் சபையின் பின்வரிசையிலும் அப்படி ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். விதவையாயிருக்கலாம், மணவயது கடந்துவிட்டது என்று உற்றார் கைவிட்ட சகோதரியாயிருக்கலாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரருகே சற்று நேரம் அமருங்கள். புத்திமதி சொல்ல வேண்டாம். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். சிரிக்கத்தக்க ஏதேனும் இருந்தால் இருவரும் சேர்ந்து சிரியுங்கள்.

தனிமையானவர்களுக்கு வீடு ஏற்படுத்துகிற தேவன் உங்கள் இல்லங்களை மெய்யான மகிழ்ச்சியினால் நிரப்புவாராக. ஆமென்.